ஓடுகிற டிரைவரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றில் இணைக்கும் சிறிய டிஎஸ்ஐ (திரையைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) திரைக்கு லினக்ஸ் கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் அந்தத் திரையை இயக்க உதவும் நிரல்) எழுதினேன். திரை பழுதின்றி ஒளிர்கிறது. ஆனால் மதிப்பாய்வுக்கு அனுப்பியபோது ரீசெட் தலைகீழாக இருக்கிறது, பிழை நேர்ந்தால் மின்சாரம் நிறுத்தப்படவில்லை, பிக்சல் கிளாக் பொருந்தவில்லை, பேட்ச்சை (மதிப்பாய்வுக்கு அனுப்பும் நிரல் மாற்றத்தை) பிரித்து அனுப்ப வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். வேலை செய்கிற நிரலில் இத்தனை குறைகள் எப்படி இருக்க முடியும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களிடம் இருக்கும் பலகையில், எல்லாம் ஒழுங்காக நடந்த ஒரு வழி சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே ஒளிரும் திரை சான்று. மதிப்பாய்வாளரிடம் பெரும்பாலும் அந்தத் திரையே இருக்காது. ஆகவே அவர் நிரலைப் படித்து, உங்கள் பலகை இதுவரை போகாத வழிகளில் என்ன நடக்கும் என்று பார்க்கிறார்.

ரீசெட், அதாவது திரையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் சமிக்ஞை, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான திரைகளில் ரீசெட் முனையின் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும்போதுதான் திரை ரீசெட் நிலையில் இருக்கும். பலகையில் எந்த வன்பொருள் எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக்கோப்பான டிவைஸ்ட்ரீயில் இதை ‘ஆக்டிவ் லோ’ (தாழ்ந்தால் செயல்படும்) என்று குறித்துவிட்டால், அதன் பிறகு டிரைவரில் 1 என்று எழுதுவது ‘ரீசெட்டில் வை’ என்றும் 0 என்று எழுதுவது ‘விடுவி’ என்றும் பொருள்படும். மின்னழுத்தத்தைத் திருப்பிக்கொள்வது கெர்னலின் வேலை. நீங்கள் மின்னழுத்தத்தையே மனத்தில் வைத்து ரீசெட்டுக்கு 0 என்று எழுதி, அதற்கு ஒத்துப்போகும்படி டிவைஸ்ட்ரீயில் ‘ஆக்டிவ் ஹை’ என்று குறித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் திரை ஒளிர்கிறது. நாளை இதே திரையை வேறொரு பலகையில் பொருத்துபவர் டிவைஸ்ட்ரீயைச் சரியாக எழுதினால், அவருடைய திரை ரீசெட்டிலிருந்து வெளியே வரவே வராது. பழைய டிவைஸ்ட்ரீ புதிய கெர்னலிலும் வேலை செய்தாக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு என்பதால், டிரைவர் சேர்ந்துவிட்ட பின் அதைத் திருத்தினால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பலகைகள் இருண்டுபோகும். புதிய திரை டிரைவர்களில் இதே குறையை மதிப்பாய்வாளர்கள் சலிக்காமல் சுட்டிக்காட்டுவதற்குக் காரணம், திருத்துவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பதே.

பிழை வழியும் இதே வகையானதுதான். திரையைத் தயார்செய்யும் ‘பிரிப்பேர்’ செயற்கூறில், மின்சாரம் தரும் ரெகுலேட்டர்களை இயக்கி, ரீசெட்டை விடுவித்து, தொடக்கக் கட்டளைகளை வரிசையாக அனுப்புகிறீர்கள். நடுவில் ஒரு கட்டளை தோற்றால், வந்த வழியே திரும்பிப் போய் ரீசெட்டை மீண்டும் இட்டு ரெகுலேட்டர்களை நிறுத்த வேண்டும். கட்டளை அனுப்பப் பயன்பட்ட பழைய மேக்ரோவுக்குள் (பல வரிகளை ஒரே பெயருக்குள் அடக்கிய சுருக்கத்துக்குள்) ‘ரிட்டர்ன்’ ஒளிந்திருந்தது. பிழை நேர்ந்தவுடன் அது செயற்கூறிலிருந்தே வெளியேறிவிடும், கீழே நீங்கள் கவனமாக எழுதிவைத்த துப்புரவு வரிகள் ஓடுவதே இல்லை. கண்ணால் படிப்பவருக்கும் அது தெரியாது என்பதால் இதை ஒரு மோசமான வடிவமைப்பு என்றே சொல்வேன். 2024இல் வந்த ‘மல்டி’ வகைச் செயற்கூறுகள் முதல் பிழையை ஒரு கான்டெக்ஸ்ட்டில் (கட்டளைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தரவுப்பொருளில்) சேமித்துக்கொண்டு, அதற்குப் பின் வரும் கட்டளைகளை ஒன்றும் செய்யாமல் கடந்துவிடுகின்றன. இறுதியில் ஒரே இடத்தில் பிழையைச் சோதித்தால் போதும். அவற்றுக்கு மாறிவிடுங்கள்.

பிக்சல் கிளாக், அதாவது திரைக்குப் பிக்சல்கள் போகும் வேகம், வெறும் பெருக்கல்தான். 720 பிக்சல் அகலத்துடன் 40, 10, 40 என்ற இடைவெளிகள் சேர்ந்தால் 810. 1440 உயரத்துடன் 16, 4, 20 சேர்ந்தால் 1480. இவ்விரண்டையும் பெருக்கி, திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால் 60ஆலும் பெருக்கினால் 7,19,28,000 வரும். கெர்னல் கிலோஹெர்ட்ஸில் கேட்பதால் 71928 என்று எழுத வேண்டும். உற்பத்தியாளரின் பழைய நிரலிலிருந்து 65000 என்று அப்படியே எடுத்து ஒட்டினால், திரை நொடிக்கு 60 முறைக்குப் பதிலாக ஏறத்தாழ 54 முறைதான் புதுப்பிக்கப்படும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விடையை மட்டும் எழுதாமல் பெருக்கலையே நிரலில் எழுதிவிட்டால் படிப்பவருக்கும் வேலை மிச்சம்.

பேட்ச்சைப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் எளிது: டிவைஸ்ட்ரீயில் திரையை எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும் பைண்டிங் ஆவணத்தைப் பார்ப்பவர்கள் வேறு, டிரைவரைப் பார்ப்பவர்கள் வேறு. ஆவணம் முதல் பேட்ச்சாகவும் டிரைவர் அடுத்ததாகவும் வர வேண்டும்.

கேள்வி: தனி ஆள் அனுப்பினால்தான் இந்தக் கெடுபிடியா, பெரிய நிறுவனங்களுக்கும் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, இன்னும் கடுமையாகவே உண்டு. ஏஎம்டி நிறுவனம் ‘டால்’ என்ற பெயரில் 90,000 வரிகளுக்கும் மேற்பட்ட டிஸ்பிளே நிரலை 2016 பிப்ரவரியில் மதிப்பாய்வுக்கு வைத்தது. பல இயங்குதளங்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் நோக்கில், வன்பொருளுக்கும் கெர்னலுக்கும் இடையே தனி அடுக்கொன்றை நிறுத்தி அது எழுதப்பட்டிருந்தது. கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியைப் பராமரிக்கும் டேவ் ஏர்லி, இந்த அடுக்குடன் இதை ஏற்க முடியாது என்று 2016 டிசம்பரில் மறுத்துவிட்டார். பொதுவான ஓர் இடைமுகத்தை மாற்றும்போது அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் பராமரிப்பவர்களே திருத்த வேண்டியிருக்கும். ஒரே ஒரு டிரைவர் மட்டும் தனக்கென ஓர் உலகத்தை வைத்துக்கொண்டிருந்தால் அந்த வேலை நின்றுபோகும். ஏஎம்டி பொறியாளர்கள் அதன் பின் நிரலைப் பெரிதும் திருத்தியமைத்தார்கள். ‘டிசி’ என்ற பெயரில் அது லினக்ஸ் 4.15இல் சேர்ந்தது, அந்தப் பதிப்பு 2018 ஜனவரியில் வெளியானது. இடைப்பட்ட காலத்தின் சுமை பயனர்கள் மேல்தான் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 2017 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் வேகா கிராஃபிக்ஸ் அட்டைகளில் திரைக்குப் படம் போக இந்த நிரல் தேவைப்பட்டது. இருந்தும் மறுத்தது சரி என்பதே என் கருத்து.

கேள்வி: அட்டாமிக் டிரைவரில் (திரை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் வகை) ‘செக்’ நிலையில் கணக்கிட்ட மதிப்பை டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்ட்டில் (தரவுத் தொகுப்பில்) சேமித்ததற்கு ஆட்சேபம் வந்தது. அதில் என்ன தவறு?
— வாசகர், பெங்களூரு

பதில்: ‘செக்’ என்பது கேள்வி, ‘கமிட்’ என்பது செயல். இந்தத் தெளிவுத்திறன், இத்தனை அடுக்குகள், இத்தனை திரைகள் முடியுமா என்று ஒரு பயனர்நிலை நிரல் வன்பொருளைத் தொடாமலேயே கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்று விடை வந்தால் வேறொன்றைக் கேட்கும், முடியும் என்று வந்தாலும் கேட்டதோடு விட்டுவிடலாம். இப்படிக் கைவிடப்பட்ட ஒரு கேள்வியின் மதிப்பு உங்கள் ஸ்ட்ரக்ட்டில் தங்கிவிட்டால், திரையில் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்கும் டிரைவர் நினைவில் வைத்திருப்பதற்கும் தொடர்பு அற்றுப்போகும். மதிப்பை அந்தக் கேள்விக்கென்றே உருவாகும் ஸ்டேட் பொருளில் வையுங்கள். கேள்வி கைவிடப்படும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். நினைவகம் ஒதுக்குவது போன்ற, தோற்கக்கூடிய வேலைகளை எல்லாம் ‘கமிட்’டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதி, ஏனெனில் வன்பொருளில் எழுதத் தொடங்கிய பின் ‘முடியவில்லை’ என்று சொல்ல வழியில்லை.

கேள்வி: பேட்ச் அனுப்பிப் பல நாட்கள் ஆகியும் பதில் இல்லை. மீண்டும் அனுப்பலாமா?
— வாசகர், சென்னை

பதில்: குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருங்கள் என்று கெர்னல் ஆவணமே கூறுகிறது, ஒவ்வொரு பதிப்பும் வெளியானவுடன் இரண்டு வாரம் திறந்திருக்கும் மெர்ஜ் விண்டோவில் (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலத்தில்) இன்னும் அதிகமாகப் பொறுக்க வேண்டும். அதன் பின் பணிவாக ஒரு நினைவூட்டல் போதும். திருத்திய பதிப்பை அனுப்புவதானால், முந்தைய பதிப்பிலிருந்து எவை மாறின என்பதை பேட்ச் விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள், ஏற்கெனவே கிடைத்த ‘ரிவ்யூட் பை’ (மதிப்பாய்வு செய்தவரின் பெயர்) வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரல் பெரிதும் மாறியிருந்தால் மட்டும் அந்த வரிகளை நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்பதையும் அதே இடத்தில் குறிப்பிடுங்கள்.