காலையில் 500, மதியம் 502

வாசகர் ஒருவரின் கேள்வி: மளிகைக் கடைக்காரர்கள் ஆர்டர் போட ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு செயலி எழுதி ஓட்டுகிறேன். முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் நான்கு வொர்க்கர்களோடு (வேலை செய்யும் புராசஸ்கள்) செயலியை ஓட்டும் குனிகார்ன், எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகம் வழியாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். இரவு 9 மணிக்குமேல் யாரும் வரமாட்டார்கள். காலை 7 மணிக்கு ஆர்டர் தொடங்கியதும் சிலருக்கு 500 என்ற பிழை வருகிறது. மறுபடி அழுத்தினால் திறந்துவிடுகிறது. மதியம் எப்போதாவது 502. என் லேப்டாப்பில் ஒருமுறைகூட வந்ததில்லை. எங்கே தேடுவது?

இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் பிடிபடவில்லை. 500 என்றால் உங்கள் பைத்தான் கோடு ஓடி, நடுவில் எக்ஸப்ஷனில் (கையாளப்படாத பிழையில்) விழுந்திருக்கிறது. 502 என்றால் குனிகார்னிடமிருந்து என்ஜின்எக்ஸுக்கு ஒழுங்கான பதிலே வரவில்லை. தேட வேண்டிய லாக்கும் (பதிவுக் கோப்பும்) வேறு வேறு.

முதலில் காலைப் பிழை. செயலியின் லாக்கில் 7 மணியை ஒட்டி விழுந்த ட்ரேஸ்பேக்கின் (பிழை விவரத்தின்) கடைசி வரியைப் பாருங்கள். (கன்டெய்னரில் ஓட்டினால் லாக் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும், அங்கே அது 1:30.) இணைப்பு அறுந்ததைச் சொல்லும் 2006 அல்லது 2013 என்ற எண் இருக்கிறதா? மைஎஸ்கியூஎல்லின் புதிய பதிப்புகளில் 4031 ஆகவும் இருக்கலாம். அன்று காலை எத்தனை பிழை என்றும் எண்ணுங்கள். நான்கை ஒட்டி நின்றால் காரணம் அநேகமாக இதுதான்:

சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் பொறுத்துவிட்டுத் துண்டித்துவிடும். வெயிட் டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு அது. உங்கள் செயலி தூங்குவதோ 10 மணி நேரம். வொர்க்கர் ஒவ்வொன்றும் தன் பூலில் (இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) பழைய இணைப்பை வைத்துக்கொண்டு, அது உயிரோடு இருப்பதாகவே நம்புகிறது. காலையில் அதை எடுத்து வினவும்போது முதல் ஆளுக்கு அடி விழுகிறது. உடனே எஸ்கியூஎல்ஆல்கெமி அந்தப் பூலில் இருந்த பழைய இணைப்புகளை எல்லாம் கழித்துவிடுவதால் அடுத்த ஆளுக்குப் பக்கம் திறக்கிறது. நான்கு வொர்க்கர், நான்கு அடி. லேப்டாப்பில் கோடைச் சேமிக்கும்போதெல்லாம் சர்வர் புதிதாகத் தொடங்குவதால் இணைப்பு அவ்வளவு நேரம் கிழடாவதே இல்லை.

நம்புவதற்குமுன் சோதித்துவிடுங்கள். லேப்டாப் மைஎஸ்கியூஎல்லில் குளோபல் வெயிட் டைம்அவுட்டை 20 விநாடியாக்கி, செயலியை ரீஸ்டார்ட் செய்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அடுத்த ரீஃப்ரெஷில் அதே பிழை வர வேண்டும்.

தீர்வு சின்னது. எஸ்கியூஎல்ஆல்கெமியின் எஞ்சினை உருவாக்கும் இடத்தில் பூல் ப்ரீ பிங்கை ட்ரூ ஆக்குங்கள். இணைப்பைக் கையில் தருமுன் அது உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். பூல் ரீசைக்கிளை 3600 என வைத்தால் ஒரு மணி நேரம் கடந்த இணைப்பை எடுக்கும்போதே புதிதாக்கிவிடும். தயவுசெய்து இதற்குப் பதிலாக ட்ரை எக்ஸப்ட் போட்டுப் பிழையைப் பிடித்து ஆர்டரை மறுபடி அனுப்பும் வேலையைச் செய்யாதீர்கள். கமிட்டின்போது (தரவை உறுதியாகப் பதியும்போது) இணைப்பு அறுந்தால் ஆர்டர் பதிவானதா இல்லையா என்று தெரியாது; ஒரே அரிசி மூட்டைக்கு இரண்டு பில் போய், கடைக்காரருக்கு உங்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

மதிய 502க்கு, என்ஜின்எக்ஸ் எரர் லாக்கில் அந்த விநாடியைக் குறித்துக்கொண்டு குனிகார்ன் லாக்கில் அதே விநாடிக்குப் போங்கள். 'வொர்க்கர் டைம்அவுட்' என்று இருந்தால், 30 விநாடியாக அசையாத வொர்க்கரை குனிகார்னே கொன்றிருக்கிறது. என் சந்தேகம் எஸ்எம்எஸ் அல்லது பேமென்ட் சேவையை அழைக்கும் வரிமேல்: ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நீங்களாக டைம்அவுட் தராவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். இணைக்க 3, பதிலுக்கு 10 விநாடி என்று கொடுங்கள். குனிகார்னின் 30ஐ 120 ஆக்குவதில் பயனில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடிதான் பொறுக்கும், 502 போய் 504 (பதில் வர நேரமாகிவிட்டது என்ற பிழை) வரும். டைம்அவுட் வரி இல்லாமல் 'சிக்கில்' (புராசஸைக் கொல்லும் சிக்னல்) மட்டும் தெரிந்தால் நினைவகம் தீர்ந்து லினக்ஸ் கர்னல் வொர்க்கரைக் கொன்றிருக்கலாம். டிமெசேஜ் கட்டளை அதைக் காட்டிவிடும்.