டச் ஸ்க்ரீனுக்குச் செய்த திரை, மவுஸ் பிடித்த கை: கேள்வி பதில்

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மென்பொருள் திரைகளை வடிவமைப்பது என் தொழில். கம்ப்யூட்டர் திரை ஏன் போன் மாதிரி ஆகிக்கொண்டே போகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், எங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருளைப் புதுப்பித்த பிறகு எல்லாம் பெரிது பெரிதாகிவிட்டது. முன்பு ஒரே பார்வையில் தெரிந்த பட்டியலை இப்போது உருட்டி உருட்டிப் பார்க்கிறோம். ஏன் இப்படி?

விரலுக்காக. ஒரு பட்டன் 48 டிபி (ஆண்ட்ராய்டு திரைகளை அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. ஆப்பிள் தன் அலகில் சொல்வது 44 பாயின்ட். மவுஸ் கர்சரின் முனையோ ஒரே ஒரு பிக்சல், அதற்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே திரையை எழுதினால் நிறுவனத்துக்கு வேலை மிச்சம். அந்த வேலைதான் உங்கள் தலையில் வந்து விழுகிறது.

செட்டிங்ஸில் ‘காம்பேக்ட்’ அல்லது ‘டென்சிட்டி’ என்று, வரிகளை நெருக்கிக் காட்டும் வசதி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ‘காம்பேக்ட் வியூ’ உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் 2013 பதிப்பிலிருந்தே டச், மவுஸ் என்று இரண்டு முறைகளும் மாற்றிக்கொள்ள ஒரு பட்டனும் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை என்று உங்கள் ஆட்களிடம் சொல்லலாம்.

விண்டோஸ் 8 இதனால்தானே தோற்றது? பட்டன் பெரிதாக இருந்ததற்கா அவ்வளவு திட்டு?

பெரிதாக இருந்ததற்கு இல்லை, மறைத்து வைத்ததற்கு. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

2012 அக்டோபர் 26-இல் வெளிவந்தபோது அதில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. டேப்லெட்டில் வலது ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால், தேடல், செட்டிங்ஸ் போன்றவை அடங்கிய ‘சார்ம்ஸ்’ பட்டை வரும். கையில் பிடித்திருக்கும்போது அது சுகமான அசைவுதான். மவுஸுக்கு அதையே எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? கர்சரைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஐகான் இல்லை, கோடு இல்லை, எந்த அடையாளமும் இல்லை. கம்ப்யூட்டரை அணைக்க அந்த மூலை, அப்புறம் செட்டிங்ஸ், அப்புறம் பவர், கடைசியில் ஷட் டவுன். புது வகை ஆப்களை மூடப் பெருக்கல் குறி கிடையாது. மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ் விளிம்பு வரை இழுத்துவிட வேண்டும். விரலுக்கு அது ஒரு வீச்சு. பெரிய மானிட்டரில் மவுஸுக்கு அது நெடும்பயணம்.

உண்மையில் திரையின் மூலை மவுஸுக்கு மிக எளிதான இடம். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கர்சர் அங்கேயே முட்டி நிற்கும். இலக்கின் தூரமும் அளவும்தான் அதை எட்டும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே சொன்னார். அந்தக் கணக்கை நம்பித்தான் மூலையைப் பிடித்தார்கள். ஆனால் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவருக்கு நடுவில் வரும் மூலை திறந்த வாசல், கர்சர் அடுத்த திரைக்கு ஓடிவிடும். வேறொரு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலுக்குள்ளும் இதே கதைதான். இதில் வேடிக்கை, விண்டோஸ் சர்வர் 2012-க்கும் இதே முகப்பைக் கொடுத்திருந்தார்கள். ரேக்கில் பூட்டிய சர்வரை யார் விரலால் தடவப் போகிறார்கள்?

பிறகு படிப்படியாகப் பின்வாங்கினார்கள். 2013 அக்டோபரில் 8.1-உடன் ஸ்டார்ட் பட்டன், 2014 ஏப்ரலில் பெருக்கல் குறி, 2015 ஜூலையில் விண்டோஸ் 10-உடன் பழைய பாணி ஸ்டார்ட் மெனு. மைக்ரோசாஃப்டை மட்டும் சொல்வது நியாயமில்லை. லினக்ஸ் வகையான உபுண்டுவின் யூனிட்டி முகப்பும் 2011-இல் மெனுக்களை மறைத்தது. கர்சர் திரையின் மேல் பட்டைக்குப் போனால்தான் தெரியும்.

எழுபது வயதாகிறது. கை நடுங்கும். பெரிய பட்டன்கள்தான் எனக்கு வசதி. அதைக் குறை சொல்லலாமா?

சொல்லக் கூடாது ஐயா. 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை விதிகளே, சில விதிவிலக்குகள் போக, குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கின்றன. எனக்கு வசதி என்று பட்டனைச் சுருக்கி எல்லார் தலையிலும் கட்டினால் அதுவும் தப்பு. அதனால்தான் அளவைப் பயனரே மாற்றிக்கொள்ளட்டும் என்கிறேன். ஆனால் ஸ்க்ரோல் பாரை மறைத்து வைப்பது உங்களுக்கும் உதவாது, எனக்கும் உதவாது. ஆப்பிள் 2011-இல் மேக் ஓஎஸ் லயனில் அதை மறைக்க ஆரம்பித்தது. கீழே இன்னும் விஷயம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய், ஸ்க்ரோல் பார் எப்போதும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் வெப் டெவலப்பர். போனில் ஹோவர் (க்ளிக் செய்யாமல் கர்சரை மேலே வைப்பது) வேலை செய்யாது என்பதால் எல்லா இடத்திலும் ஹோவரையே எடுத்துவிட்டேன். சரிதானே?

அவசரப்பட்டுவிட்டீர்கள் தம்பி. கர்சரை வைத்தாலே குறிப்பு தெரிவது மவுஸுக்குக் கிடைத்த வரம், அதை ஏன் பிடுங்க வேண்டும்? ஹோவரில் *மட்டும்* கிடைக்கும் வசதி எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-இல் ‘ஹோவர்’, ‘பாயின்ட்டர்’ என்ற மீடியா குவரிகள், அதாவது சோதனை வரிகள், பயனரின் முதன்மைக் கருவி விரலா மவுஸா என்று சொல்லும். டச் ஸ்க்ரீன் லேப்டாப்பில் இரண்டும் இருக்குமே, அதற்கு ‘எனி-பாயின்ட்டர்’ பாருங்கள்.

திரை அகலத்தை வைத்துப் போனா கம்ப்யூட்டரா என்று முடிவு செய்யாதீர்கள். பிரவுசரைப் பாதித் திரைக்குச் சுருக்கினால் எல்லா மெனுவும் மூன்று கோடு போட்ட பட்டனுக்குள் போய் ஒளிந்துகொள்வது இதனால்தான். இடம் இருக்கும்போது நான்கு மெனுவை வெளியே வையுங்களேன்.

டச் ஸ்க்ரீன் லேப்டாப் வாங்கலாமா?

படிக்க, படம் பெரிதாக்க, கையெழுத்துப் போட நன்றாக இருக்கும். நாள் முழுக்க எதிரே நிற்கும் திரையைத் தொட்டு வேலை செய்ய முடியாது, தோள் வலிக்கும். இதற்கு ‘கொரில்லா ஆர்ம்’ என்று பழைய பெயரே உண்டு. டச் ஸ்க்ரீனுடன் எச்பி-150 கம்ப்யூட்டர் 1983-இலேயே வந்துவிட்டது.

ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டருக்கு டச் மெஷின் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

டீக்கடை, ஓட்டல் என்றால் யோசிக்காமல் எடுங்கள். ஐட்டம் குறைவு, படத்தைத் தொட்டால் முடிந்தது. ஜவுளிக்கடையில் பார்கோடு ஸ்கேனரும் கீபோர்டும்தான் ஓடும். வாங்கும் முன் டெமோவில் ஒன்று செய்யுங்கள்: மவுஸையும் திரையையும் தொடாமல், கீபோர்டிலும் ஸ்கேனரிலும் மட்டும் ஒரு பில் போட்டு, ஒரு உருப்படியைத் திருப்பி எடுத்து, பிரின்ட் வரை காட்டச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.