காணொளியை யாரும் பார்ப்பதில்லை, என்ன செய்ய?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகும் முறையைப் பற்றிப் பயிற்சியொன்றில் கேட்டு ஆர்வப்பட்டேன். ஜூலை முதல் இரவு ஒன்பது மணிக்குமேல் உட்கார்ந்து பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குக் குறையாது. 46 பேரில் 12 பேர் பார்த்தால் அதிகம். போன் அப்பாவிடம் இருக்கிறது, நெட் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். மறுநாள் அதே பாடத்தை வகுப்பில் மீண்டும் நடத்த வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியர் விடாதீர்கள் என்கிறார். சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா? தொடர்வதென்றால் நல்ல கேமரா ஒன்று வாங்கலாமா?

– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

மறுநாள் அதே பாடத்தை மீண்டும் நடத்துவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டு வந்த 12 பேருக்கு அந்தப் பாடவேளை வீணாகிறது. பார்க்காத 34 பேருக்கோ, பார்க்காவிட்டாலும் டீச்சர் எப்படியும் நடத்திவிடுவார் என்ற தைரியம் வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் அந்த 12 பேரும் நிறுத்திவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காணொளியை விடுவதற்கு முன்னால், இந்த மறுநடத்தலை விட்டுப் பாருங்கள்.

போன் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்த முறையைப் பரவலாக அறியச்செய்த ஜொனாதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் இருவரும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்ற சிற்றூரில் வேதியியல் ஆசிரியர்களாக இருந்தவர்கள். பள்ளிக்கு வர இயலாமற்போன மாணவர்களை மனத்தில் வைத்தே 2007இல் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள்; வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு டிவிடியில் பதிந்து கையில் கொடுத்தார்கள். அமெரிக்காவிலேயே அந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது என்றால், காலையில் அப்பாவோடு போனும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளை நம்பி நாம் எப்படித் திட்டமிட முடியும்? எனவே காணொளியைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் பள்ளியில் கணினிகள் உள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால், வாரத்தில் ஒரு பாடவேளைக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு குழு திரையில் பாடத்தைப் பார்க்கட்டும், ஒரு குழு தமக்குள் பேசிக் கணக்குப் போடட்டும், மூன்றாவது குழுவோடு நீங்கள் உட்காருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறினால் போதும். ஆய்வகம் கிடைக்காத வாரத்தில் ஒரு மடிக்கணினியும் பென்டிரைவும் போதும். சத்தம் இருக்கத்தான் செய்யும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்.

காணொளியின் நீளத்தையும் குறைத்தாக வேண்டும். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி மாணவர் ஆறு நிமிடத்துக்குமேல் அதில் நிலைப்பதில்லை என்று கண்டது. தாமாக விரும்பிச் சேர்ந்து படித்தவர்களே அவ்வளவுதான் என்றால், நம் பிள்ளைகளிடம் 20 நிமிடத்தை எதிர்பார்ப்பது அதிகம். நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் 40 நிமிடத்துக்கு ஒளியியல் பாடம் ஒன்றைப் பதிவுசெய்து பெருமையாக அனுப்பினேன். ‘சார், தம்பி கார்ட்டூன் பார்த்து முடிச்சப்புறம் எனக்குக் கிடைக்கிறதே பத்து நிமிஷம்தான்’ என்றான் ஒரு மாணவன். எல்லாப் பாடத்தையும் நீங்களே பதிவுசெய்யவும் வேண்டாம். பாடநூலின் கியூஆர் கோடு வழியாகவும் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் தேடி, பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறும் இடங்களுக்கு மட்டும் உங்கள் குரலில் ஆறு நிமிடம் பேசுங்கள்.

இனி, மீண்டும் நடத்தாமல் மிச்சமாகும் அந்தப் பாடவேளைக்கு வருவோம். இந்த முறையின் பலனெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இணையவழியும் நேர்வழியும் கலந்து கற்றவர்கள் நேர்வழியில் மட்டும் கற்றவர்களைவிட மேலாகச் செய்தார்கள் என்ற முடிவோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே இருந்தது: அவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, ஆகவே பெருமையை இணையத்துக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே மாணவர்களை முன்கூட்டி வாசித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கேள்விகளுக்குத் திருப்பினார். அவர் கொடுத்தது வாசிப்புதான் என்பதைக் கவனியுங்கள். காணொளி பார்க்க வழியில்லாத பிள்ளைக்குப் பாடநூலின் மூன்று பக்கங்களைக் குறித்துக் கொடுத்தாலும் அதே வேலை நடக்கும்.

இயக்கவியல் பாடத்தில் இதை முயன்று பாருங்கள். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? சுழி, மேல்நோக்கி 9.8, கீழ்நோக்கி 9.8 என்று மூன்று விடைகளைப் பலகையில் எழுதிவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் யோசித்து, அ, ஆ, இ அட்டைகளில் ஒன்றைத் தூக்கச் சொல்லுங்கள். பந்து நின்றுவிட்டது, ஆகவே சுழி என்று பாதிப் பேராவது தூக்குவார்கள். சரியான விடை எது என்று அப்போது வாயைத் திறந்துவிடாதீர்கள். இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அதுதான். ‘வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையிடம் பேசு’ என்று மூன்று நிமிடம் விடுங்கள். ‘வேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே’ என்று ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து குரல் வரும். மீண்டும் அட்டையைத் தூக்கச் சொன்னால், பலரின் எழுத்து சரியான விடையான ‘இ’க்கு, அதாவது கீழ்நோக்கி 9.8க்கு, மாறியிருப்பதைக் காண்பீர்கள். முதல் தடவையிலேயே 70 சதவீதத்துக்குமேல் சரியென்றால் ஒரு வரி விளக்கத்தோடு மேலே போங்கள். 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் அந்தக் கருத்தை மட்டும் பத்து நிமிடம் நடத்துங்கள். முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த வேண்டாம்.

பார்த்தார்களா என்று கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பின் நீலக்குறியை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பார்த்ததில் அல்லது வாசித்ததில் தனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். ‘எல்லாம் புரிந்தது’ என்று எழுதியவர்களை முதலில் எழுப்பிக் கேளுங்கள்.

தலைமையாசிரியரிடம் எல்லாப் பாடத்துக்கும் என்று ஒப்புக்கொள்ளாமல், காலாண்டு முடியும்வரை இரண்டு அலகுகளுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். சிரிக்கிறவர்களில் ஒருவரை ஒரு நாள் கடைசிப் பெஞ்சில் உட்கார அழையுங்கள்.

கேமரா வேண்டாம். உங்கள் போனில் இருப்பதே போதும். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக் ஒன்று வாங்குங்கள். பதிவுசெய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.