உந்துதல் எது என்று கேட்காதீர்கள், மண் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்

“புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து ஓவியர்கள், சிற்பிகள் நாலைந்து பேரைப் பற்றிக் கல்லூரி மலருக்கு எழுத வேண்டும். ‘உங்கள் படைப்புக்கு உந்துதல் எது?’ என்று கேட்டால் எல்லோருமே இயற்கை, அம்மா, வாழ்க்கை என்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கடலூர் வண்டிப்பாளையத்தில் வளர்ந்தவன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தேன், இப்போது புதுச்சேரியில் பள்ளி ஓவிய ஆசிரியர். விடுமுறை நாட்களில் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேசி, சிற்றிதழ்களுக்கு எழுதுவது பழக்கம். உங்களுக்கு வந்த சிக்கல் எனக்கும் வந்தது. முதல் கட்டுரையிலேயே வந்தது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு மரச்சிற்பி. அறுபது வயது இருக்கும். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஐயா, உங்களுக்கு உந்துதல் எது?” என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னாத்த சொல்றது, நீயே எதாச்சும் எழுதிக்கப்பா” என்றார். நானும் எழுதினேன். இயற்கையின் பேரழகு, மண்ணின் மணம் என்றெல்லாம். அச்சானதும் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, “நல்லா கீது. இதுல நான் எங்க கீறேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போனேன், நோட்டு இல்லாமல். கொட்டகையில் ஒரு பெரிய பலாக் கட்டை கிடந்தது. ஒரு பக்கம் வழவழவென்று இழைத்திருந்தது, மறுபக்கம் கிழிந்த துணி போல் நார் நாராக நின்றது. “இந்தக் கட்டை எங்க கிடைச்சுது?” என்று சும்மாதான் கேட்டேன். அவ்வளவுதான், இரண்டு மணி நேரம் பேசினார்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. பலா என்றால் ஒருத்தர் நட்டு அடுத்த தலைமுறை தின்பது. அவர் தோப்பில் விழுந்த மரங்கள் தாத்தா நட்டவை. ஒரு வாரத்தில் வியாபாரிகள் லாரியோடு வந்து, கேட்ட விலைக்கு வாரிக்கொண்டு போனார்கள். பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இங்கிருந்துதான் கட்டை போகும். அத்தனை வருஷம் மரத்தில் சாமி வாகனமும் கதவு நிலையும் செய்து பிழைத்தவர், ஒரே ஒரு கட்டையை மட்டும் விற்கமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். அதை இரண்டு வருஷம் நிழலில் காயப் போட்டார். அறுத்த புதிதில் பலாவின் வைரம், அதாவது உள்கட்டை, மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகத் தேன் நிறமாகி அப்புறம் பழுப்பாகும். அந்த நிறம் மாறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உளி வைத்தபோது முறிந்த பக்கத்தைத் தொடவில்லை.

“அது காத்து செஞ்சது. அதுல எனக்கு வேல இல்ல” என்றார்.

நான் முதல் தடவை தேடிப் போன உந்துதல் இதுதான். அதன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அது வெளியே வரவில்லை. அதற்கப்புறம் யாரிடமும் அந்த வார்த்தையை நான் எடுத்ததில்லை.

கையில் புழங்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். அது எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் வேலை ஓடாது, முதலில் கெட்டுப்போனது எது, யார் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று கேளுங்கள். கலைஞர்கள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. நாம் கேட்கிற கேள்விதான் அவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி நிற்கிறது.

வில்லியனூருக்குப் போங்கள். அங்கே சுடுமண் வேலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. குயவர் குடும்பத்தில் பிறந்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, பானை வனையும் கைக்கு அந்த விருதா என்று எங்கள் பக்கத்தில் பலர் மலைத்துப் போனார்கள். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். கல்லில் செதுக்கினால் சிற்பி, மண்ணில் செய்தால் தொழிலாளி என்று பிரிக்கும் புத்தி நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அது போக வேண்டும்.

அங்கே போனால் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். கோடையில் ஏரி வற்றும்போது எடுத்துக் குவிக்கிறார்கள், கல்லும் வேரும் பொறுக்கி ஊறப்போடுகிறார்கள், மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். மணல் கூடினால் உருவம் நிற்காது, குறைந்தால் சூளையில் வெடிக்கும். எவ்வளவு மணல் என்று கேட்டால் எந்தக் குயவரும் அளவு சொல்லமாட்டார், குதிகாலுக்குத் தெரியும் என்பார். நம் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அது உள்ளே கூடு. முதலில் நாலு கால் குழல்களாக எழும்பும், அது கொஞ்சம் இறுகினால்தான் மேலே வயிறு, அதற்கப்புறம் கழுத்து. ஈரமண் தன் கனத்தைத் தானே தாங்க வேண்டும் என்பதால் கால்கள் அவ்வளவு தடிமன். அந்தக் குதிரையின் கம்பீரத்தில் பாதி பக்தி என்றால் பாதி இந்தக் கட்டாயம். இதை ஒரு குயவர் என் கண்முன்னால் செய்து காட்டும்வரை, அதை வெறும் ‘பாணி’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே மண், வெளியூரிலிருந்து வந்த ஒருவரை எங்கே கொண்டுபோனது என்று பாருங்கள். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் கலிபோர்னியாவிலிருந்து வந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். உயர் வெப்பத்தில் சுட்டு மெருகு ஏற்றும் கலங்கள் செய்தார்கள். இந்தியா முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து அவர்களிடம் கற்றுக்கொண்டு போனார்கள். இன்று பெயர் வாங்கியிருக்கிற பல பீங்கான் கலைஞர்களின் கை அங்கே பழகிய கை. அவர்கள் சூளைக்கு விறகு நம் சவுக்கு. பந்தல் காலுக்கும் அடுப்புக்கும் நாம் வெட்டிப் போடும் அதே சவுக்கு.

மீக்கர் முதலில் கட்டடக் கலை படித்து, பிறகு களிமண்ணுக்கு வந்தவர். 1980களில் இரண்டையும் சேர்த்து ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். சுடாத பச்சைச் செங்கல்லால், வளைந்த கூரையோடு ஒரு வீட்டையே கட்டுவது. உள்ளே சுட வேண்டிய செங்கல், ஓடு, கலங்களை அடுக்கி, வாசலையும் சன்னலையும் அடைத்து, வீட்டுக்கே தீ வைப்பது. நாள்கணக்கில் எரியும். ஆறியதும் உள்ளே இருக்கும் பொருளை எடுத்து விற்றுவிடலாம், அதில் விறகுச் செலவு ஈடாகும்; சூளையாக நின்றது குடியிருக்கும் வீடாகிவிடும். ஏழைகளுக்கு மழையில் கரையாத மண்வீடு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆரோவில்லில் அப்படிச் சுட்ட வீடு இருக்கிறது. பரவலாகப் போகவில்லை, விறகு அவ்வளவு தின்றது. ஆனாலும் மாணவர்களிடம் இதை விவரிக்கும்போதெல்லாம் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ஒரு பானைக்குள் குடியிருப்பது என்றால் அந்த வயதுக்குச் சட்டென்று புரிகிறது.

இனி என் நண்பன். பல்கலைக்கூடத்தில் என்னோடு படித்தவன், மீனவக் குப்பத்துக்காரன். அவன் ஓவியங்களில் பெரும்பாலும் கடல்தான். ஆனால் நீலம் இருக்காது. முதல் வருஷத்தில் ஒரு ஆசிரியர், “கடலுக்கு ஏன் நீலம் போடவில்லை?” என்று கேட்டதற்கு, “கரையிலேர்ந்து பாக்கறவங்களுக்குத்தான் சார் அது நீலம்” என்றான். படகில் போகிறவர் தண்ணீரை மேலிருந்து, கிட்டத்தில் பார்க்கிறார். கலங்கலா, தெளிவா என்பதுதான் அவர் கேள்வி. அதை வைத்துத்தான் எந்த வலை, எவ்வளவு ஆழம் என்று முடிவாகும். வாடைக் காற்றில் ஒரு நிறம், கச்சான் காற்றில் ஒரு நிறம் என்று அவன் அப்பா பிரிப்பாராம். ஐப்பசி மழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி வந்து கடலில் விழும்போது, கரையோரத் தண்ணீர் பால் விடாத டீ மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில் முகத்துவாரத்தில் படியும் வண்டலை அவன் வாளியில் அள்ளிவந்து, கரைத்து, துணியில் வடிகட்டித் தெளியவைப்பான். அடியில் தங்கும் குழைவைக் காயவைத்து அரைத்து, வேலம்பிசின் சேர்த்தால் பழுப்பு வண்ணம். வருஷத்துக்கு வருஷம் அது மாறும் என்கிறான். பாட்டில்களில் வருஷத்தை எழுதி வரிசையாக வைத்திருக்கிறான். சுனாமியில் வீடு போன குடும்பம் அவனுடையது. அதைப் பற்றி அவனிடம் நான் கேட்டதே இல்லை. அந்தப் பாட்டில்களைப் பார்த்தபிறகு கேட்கத் தோன்றவும் இல்லை.

உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும்தான் இப்படிக் கேட்க முடியும் என்று நினைக்காதீர்கள். சிதம்பரம் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிச்சாடனராக வந்த சிவனும் மோகினியும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகளையும் ரிஷிகளையும் மயக்கும் கதை அதில் வரும். மாணவனாக இருந்தபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். வரைந்தவர் யார் என்று நமக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள், கரையும் கட்டமும் பூவுமாக. தாருகாவனம் காதால் கேட்டது. அந்தப் புடவை கண்ணால் கண்டது. சிதம்பரத்துத் தெருவில், தன் வீட்டுக் கொடியில் தொங்கியது. அந்த ஓவியரின் பேட்டி அந்தக் கரையில் இருக்கிறது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தீட்டிய சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையே அந்த ஓவியத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்படிப் பெயர் தெரிந்த பழைய ஓவியர் நமக்கு மிக அபூர்வம். அங்கே போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக எங்கள் வண்டிப்பாளையம். அப்பர் பெருமான் கல்லோடு கரையேறிய கதை சொல்லும் ஊர். கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இங்கே உண்டு. முன்பாதிக்கு ஒரு அச்சு, பின்பாதிக்கு ஒரு அச்சு. மண்ணை அழுத்தி எடுத்து இரண்டையும் ஒட்டிக் காயவைத்துச் சுடுவார்கள். ‘அச்சில் வார்ப்பதில் கலை என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் நானே ஒரு பெரியவரிடம் அப்படித்தான் கேட்டேன். அலமாரியில் ஒரே அச்சில் எடுத்த கிருஷ்ணர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்துக் காட்டி, “அச்சு எங்க தாத்தா செஞ்சது தம்பி. உடம்பு அவரோடது. இந்தச் சிரிப்பு மட்டும் என்னுது” என்றார். அப்புறம்தான் பார்த்தேன். உதட்டின் ஓரத்தில் தூரிகை எங்கே நிற்கிறது என்பதில் ஒவ்வொரு கிருஷ்ணனும் வேறு வேறு ஆளாக இருந்தான்.

உங்கள் மலருக்காகச் சில நடைமுறைச் செய்திகள். வில்லியனூருக்கு ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். தீபத்துக்கு அகல் விளக்கு கேட்டு ஆள் வந்து நிற்கும், மழையோ காயவிடாது, குயவர் வீட்டில் வருஷத்திலேயே மனம் நொந்திருக்கும் நேரம் அது. மாசியிலிருந்து போகலாம். மண் எடுக்கிற கோடையில் போனால் இன்னும் நல்லது, கூடவே ஏரிக்குப் போய்விட்டு வரலாம். முதல் நாளே கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். ஒரு பொருளாவது காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல். எழுதியதை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள், நான் செய்யாமல் விட்டது அது.

வண்டிப்பாளையத்துக்கு வருவதானால் நவராத்திரிக்கு ஒரு மாதம் முந்தி வாருங்கள். எல்லா வண்ணமும் போட்டு முடிந்து கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள். அப்போது திண்ணையில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். தூரிகையைக் கீழே வைக்கும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள்.