பதில்: பத்தாவது வந்தால் தானாக விட்டுவிடுவானா?

வேளச்சேரி சகோதரிக்கு, ஒன்பது வயதுப் பையன் போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறக்க மாட்டேன் என்கிறான், வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆகாது. சின்ன வயதில் போன், டிவி என்று திரையை அதிகம் பார்க்கும் பிள்ளைகள்தான் பதின்வயதிலும் அதிகம் பார்க்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தலையெழுத்தும் இல்லை, மாறுகிறவர்களும் உண்டு.

5 முதல் 10 வயதுக்கு திரை பார்ப்பது நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கணக்கு. முதலில் நிமிடத்தை எண்ணாதீர்கள், சாப்பாட்டு நேரத்தை மட்டும் பிடியுங்கள். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு எல்லாப் போனும் ஃபிரிட்ஜ் மேல் போய்விடும், என்னுடையதும்தான். (கணவருடையதைப் பிடுங்கத்தான் அதிக நாள் ஆனது!) முதல் வாரம் மகள் பாதித் தோசையோடு எழுந்து போனாள். விட்டுவிட்டேன். பசித்ததும் வந்தாள். அப்புறம் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினோம்.

இப்போதே செய்யுங்கள். டியூஷன் வாட்ஸ்அப் குழுவுக்கென்று கையில் சொந்தப் போன் வந்துவிட்டால், பேரம் பேசுவது நீங்களாக இருக்காது, அவனாக இருக்கும்.