அறுபதாயிரம் கட்டி ஆல்பம் பாட்டு போடலாமா?

கேள்வி: எனக்கு ஊர் தங்கச்சிமடம், வயது 24. சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டு நாற்பதுக்கு மேல் நோட்டில் இருக்கிறது. செல்போனில் பதிவு செய்து மூன்றை யூடியூபில் போட்டேன். 620 பேர் சந்தாதாரர்கள். ஒரு நிறுவனம் 60,000 ரூபாய் கட்டினால் ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து, வீடியோ எடுத்து, ஒரு லட்சம் பார்வை வரவைத்துத் தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். பணத்தைக் கட்டலாமா? இல்லை, பேசாமல் சென்னைக்கே போய்விடலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சென்னைக்கும் இப்போது குடிபோக வேண்டாம்.

முதலில் அந்த ஒரு லட்சம் பார்வை. அதை யாராலும் நேர்வழியில் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, போலிக் கணக்குகளை ஓடவிடுவார். கண்டுபிடித்தால் யூடியூப் எண்ணிக்கையைக் கழித்துவிடும், சேனலுக்கும் கெட்ட பெயர். ஸ்பாட்டிஃபை 2024 முதல் அப்பட்டமான போலிக் கேட்புகளுக்கு, பாட்டை அங்கே ஏற்றித்தரும் விநியோகஸ்தரிடமே அபராதம் வாங்குகிறது. அவர் கோபத்தில் உங்கள் பாட்டைத் தூக்கிவிடுவார். இரண்டாவது வழி, விளம்பரமாகப் போட்டுப் பார்வை ஏற்றுவது. அது தப்பில்லை. ஆனால் விளம்பரமாக ஓடிய நேரம் யூடியூப் வருமானத்துக்கான 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. வீடியோவுக்குக் கீழே பெரிய எண் நிற்கும், அடுத்த பாட்டுக்கு ஆள் வராது.

பணத்தைவிட ஆபத்து அந்தக் காகிதம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. பதிவான ஒலி இன்னொன்று. வரியையும் மெட்டையும் உருவாக்கியவர் நீங்கள். அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவின் முதல் உரிமை தயாரிப்பாளருக்கு. அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. இங்கே காசு போடுவது நீங்கள். தயாரிப்பாளர் என்று பெயர் போட்டுக்கொள்வது அவர்கள். இப்படி ஒரு வியாபாரத்தை மீன் ஏலக் கூடத்தில்கூட எவனும் செய்யமாட்டான்.

ஒப்பந்தத்தில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் எழுதப்படவில்லை என்றால் 5 ஆண்டு. எல்லை எழுதப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த இரண்டையும் மறக்காமல் எழுதிவைப்பார்கள். மூன்றாவதாக ‘இனி உருவாக்கும் பாடல்களுக்கும்’ என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் பாட்டெல்லாம் போச்சு.

உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம்; மாறாக எழுதினால் அது செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருப்பது அதைவிட மலிவு. எப்போதாவது நல்ல நிறுவனம் ஒன்று வந்தால் இப்படிக் கேளுங்கள்: ஒலிப்பதிவு உரிமம் மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, காலம் முடிந்ததும் மூலப் பதிவான மாஸ்டர் ஃபைல் உங்கள் கையில். அன்றைக்கே கையெழுத்துக் கேட்பவரிடம் வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் செய்தால் போதும்: வரிக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஆன்லைனிலேயே விண்ணப்பம். மற்றவற்றுக்கு, மெட்டுப் போட்ட அன்றே செல்போனில் பாடிப் பதிந்து, வரியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல். தேதிக்குச் சாட்சி அதுதான்.

அந்த 60,000-ஐ என்ன செய்வது? ஏறக்குறைய 25,000-க்குள் வீட்டிலேயே பதிவுக்கு வேண்டியதை வாங்கிவிடலாம். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், மூடிய ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிள், பாப் ஃபில்டர். கண்டென்சர் மைக் வேண்டாம். அது நுணுக்கமாக வாங்கும் என்பது உண்மை. கூடவே அடுத்த தெரு நாயையும் பாம்பன் பாலத்து ரயிலையும் சேர்த்து வாங்கும். ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். நம் பக்கம் ஈரம் ஏறாத நாள் ஏது?

அறையில் கடலுக்கு எதிர்ப்புறச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுவரை ஒட்டி நிற்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். போர்வையை எல்லோரும் மைக்குக்குப் பின்னால்தான் கட்டுகிறார்கள். அது பாதி வேலை. மைக் கேட்பது உங்கள் வாயையும், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து திரும்பி வரும் எதிரொலியையும். ஆகவே இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். மைக்கின் பின்பக்கம் ஜன்னலைப் பார்க்கட்டும். அந்தத் திசைச் சத்தத்தைத்தான் அது குறைவாக வாங்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மின்விசிறி நிற்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்ட வேண்டும். ‘ஙொய்ய்’ என்று ஒரு ஊளை விடாமல் வருகிறதென்றால் பெரும்பாலும் சார்ஜர் அல்லது இன்வர்ட்டர்தான். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினை, அதாவது மைக் ஒலியை ஏற்றும் அளவை, வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த குரலை எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது. 24 பிட் வேவ் ஃபைலாகப் பதியுங்கள். பாடுவதற்கு முன் பத்து விநாடி வெறும் அறையின் அமைதியைப் பதிந்துகொண்டால், பிறகு இரைச்சல் நீக்க அது உதவும்.

நேரம் முக்கியம். பகலில் கடல்காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உங்களுக்கு வரம்: விசைப்படகு இன்ஜின் சத்தம் இல்லை. ஆனால் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், பகலெல்லாம் சுத்தியல். அப்போதும் இரவுதான்.

உப்புக்காற்றில் மைக்கைத் திறந்து வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். ஆரஞ்சு நிற மணி பச்சையாகிவிட்டால் ஈரத்தைக் குடித்து முடித்தது என்று பொருள்; சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் குறைந்த தீயில் வாட்டினால் நிறம் திரும்பும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூசி வலைக்கண்ணுக்குள் இறங்கும். கிதார் தந்தி இங்கே சில வாரத்திலேயே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியாகத் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பாடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது சுருதியில். உற்சாகத்தில் அரைக்கட்டை ஏற்றிவைத்துப் பாடுவார்கள். ஒரு சோதனை: பாட்டை இடைவெளி விடாமல் மூன்று முறை பாடுங்கள். மூன்றாவது முறை சரணத்தின் உச்சியில் குரல் வழுக்கினால் அரைக்கட்டை இறக்குங்கள். ஒன்றரைக் கட்டையில் நிற்கும் குரலுக்கு இரண்டு கட்டையில் ஆசை வேண்டாம். தாளத்துக்கு, ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோமை ஹெட்ஃபோனில் ஓடவிட்டுப் பாடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பறையோ தவிலோ சேர்க்கும்போது ஒட்டாது.

குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் கலவையையும், கடைசி மெருகான மாஸ்டரிங்கையும் மட்டும் வெளியே கொடுங்கள். முதலில் ஒரு பாட்டை மட்டும் கொடுத்து, கேட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பாட்டுகளைக் கொடுங்கள். குரல் தனி, ஒவ்வொரு வாத்தியமும் தனி என்று அத்தனை ஃபைலும் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்க வேண்டும்.

நெட்டில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் பீட்டின்மேல், அதாவது தயாராக உள்ள பின்னணி இசையின்மேல், பாடுவதாக இருந்தால் எச்சரிக்கை. அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருப்பார்கள். விநியோக நிறுவனம் உங்கள் பாட்டை, ஒரே ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்தால், மற்றவர்கள் வீடியோவுக்கு நீங்கள் உரிமை கோரியதாகும், அவர்களும் உங்கள்மேல் கோருவார்கள். சண்டை முடியும்வரை காசு முடங்கும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்தாலும் கவனம்: மரபு மெட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை, நீங்கள் எழுதும் புது வரி உங்களுடையது. விவரத்தில் மெட்டு ‘மரபு’ என்றே போடுங்கள். ஊர்ப் பெரியவரைப் பாடவைத்துப் பதிந்தால் அவருக்கும் கலைஞர் உரிமை உண்டு. ஒரு தாளில் சம்மதமும், கையில் சம்பளமும் கொடுத்துவிடுங்கள்.

வெளியீட்டுக்கு விநியோகச் சேவை எடுக்கும்போது நான்கு கேள்வி: சந்தா கட்டாமல் விட்டால் பாட்டு இறங்கிவிடுமா, எவ்வளவு சேர்ந்தால் பணம் எடுக்கலாம், கமிஷன் எவ்வளவு, ஐஎஸ்ஆர்சி எண் தருவார்களா. அந்த 12 எழுத்து எண்தான் பதிவின் ஆதார் எண். சேவை மாறினாலும் அதே எண்ணைக் கொண்டுபோங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு பாடகராகிவிடுவீர்கள். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாவது பாடல் பட்டியல்களைத் (பிளேலிஸ்ட்) தொகுக்கும் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே மூன்று வாரம் முன்பே ஏற்றுங்கள். அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தாண்டாவிட்டால் காசு இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரமும் வேண்டும். நீங்கள் 620-ல் நிற்கிறீர்கள், தூரம் அதிகமில்லை. பாட்டு வெளியானதும், ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என இரண்டாகவும் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். சேர்ந்துவிட்டுப் பாட்டைப் பதியாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு பாட்டு. ஒன்றரை ஆண்டில் பத்துப் பன்னிரண்டு. ஏன் இத்தனை என்றால், யாரோ ஒருவர் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு உங்கள் பெயரைத் தேடும்போது அங்கே இன்னும் பத்துப் பாட்டு இருக்க வேண்டும். தானே எழுதிப் பாடும் இந்தியப் பாடகர் பிரதீக் குஹாட்டின் முதல் முழு ஆல்பம் 2015. அவருடைய 2018 பாட்டு ஒன்று 2019 கடைசியில் ஒபாமாவின் பிடித்த பாடல்கள் பட்டியலில் வந்தது. தேடி வந்தவர்களுக்கு அதற்குள் கேட்க நிறைய இருந்தது. ஹிப்ஹாப் தமிழா தொடங்கியது 2005, முதல் ஆல்பம் 2012, முழுப் படத்துக்கு இசை 2015.

வீடியோவுக்குப் பெரிய செலவு வேண்டாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். உங்கள் தீவில் இரண்டு கரையும் கூப்பிடு தூரம், காற்றைப் பார்த்துக் கரையை மாற்றுங்கள். அங்கே குரலைப் பதியாதீர்கள், பதிந்த பாட்டை ஓடவிட்டு வாயசைத்தால் போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. பாம்பன் பாலம், உச்சிப்புளி கடற்படை விமானத்தளம் பக்கம் ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.

கைக்காசு முதலில் கச்சேரியில்தான் வரும். திருவிழா, தேவாலயத் திருநாள், சந்தனக்கூடு என்று நம் கரையில் மேடைக்குக் குறைவில்லை. தனிக் கச்சேரிக்கு யாரும் உடனே கூப்பிடமாட்டார்கள். உள்ளூர் இன்னிசைக் குழுவில் சேர்ந்து சினிமாப் பாட்டு பாடுங்கள், நடுவே ஒரே ஒரு சொந்தப் பாட்டுக்கு இடம் கேளுங்கள். முதல் பாட்டாக வேண்டாம், அப்போது கூட்டம் இன்னும் உட்கார்ந்திருக்காது. நாலாவது ஐந்தாவது நல்லது. பின்னணி இசை டிராக்கைப் பென் டிரைவில் வேவ் ஃபைலாகவும் எம்பி3-ஆகவும் கொண்டுபோங்கள், செல்போனிலும் ஒரு பிரதி. இடது வலது என்று பிரியாமல் ஒரே ஒலியாக வரும் மோனோவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: திருவிழா மைதான ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோவில் அகலமாக விரித்த கீபோர்டு அங்கே மாயமாக மறைந்துவிடும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, ஆகவே உங்கள் முறை ஒன்பதரைக்குள் வரும்படி பேசிவையுங்கள். தடைக்காலத்தில் ஊரில் காசு புழங்காது. பாதி முன்பணம் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாம்பனிலிருந்து 90.4-ல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலிக்கு நேரில் போய்ப் பாட்டைக் கொடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் கேட்கும் வானொலி, உங்கள் பாட்டுக்கு முதல் நீதிபதி அவர்கள்தான்.

சென்னைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, நான்கைந்து நாள் போதும். கலவை உட்கார்ந்து பார்க்க ஒரு நாள், மீதி நாள் இசையமைப்பாளர்களின் அலுவலகங்களுக்கு. குரல் மாதிரி மூன்று, ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடி, முதல் ஐந்து விநாடியிலேயே குரல் வர வேண்டும். ஒன்றாவது உங்கள் சொந்தப் பாட்டாக இருக்கட்டும், தங்கச்சிமடத்துப் பேச்சிலேயே. டிராக் பாட, அதாவது மாதிரிக் குரல் கொடுக்கக் கூப்பிட்டால் போங்கள். படத்தில் வேறு குரல் வரலாம், அது இந்தத் தொழிலில் வழக்கம். ஆனால் அன்றைய சம்பளத்தை அன்றே கேட்டு வாங்கிக்கொண்டு சேது எக்ஸ்பிரஸ் ஏறுங்கள்.