கண்ணாடிப் பாப்பாவும் 'என்னோடது' சண்டையும்

கேள்வி: மகளுக்கு 15 மாதம். கண்ணாடியில் வேறு ஏதோ பாப்பா இருப்பதாக நினைத்து முத்தம் கொடுக்கிறாள். தன்னையே அடையாளம் தெரியாதா?

பதில்: இந்த வயதுக்கு அது சரிதான். 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் குழந்தைகளின் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டார். பிம்பத்தைப் பார்த்துவிட்டு, அது தான்தான் என்று புரிந்து தன் மூக்கைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் 20 மாதம் தாண்டியவர்கள். வீட்டில் செய்து பார்ப்பதானால் கன்னமும் நெற்றியும் வேண்டாம். தினமும் மைப்பொட்டு வைக்கும் குழந்தைக்கு அது புதிதாகப் படாது. மூக்கு நுனியில் வையுங்கள். தொடவில்லை என்றாலும் பதற வேண்டாம். கென்யாவில் நடந்த ஒரு ஆய்வில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட அடையாளத்தைத் தொடாமல் அப்படியே நின்றார்கள். அவர்களுக்குத் தன்னைத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: இரண்டு வயது மகன், வேறு பிள்ளைகள் வந்தாலே எல்லாப் பொம்மையையும் 'என்னோடது' என்று பிடுங்கிக்கொள்கிறான். நான் சுயநலமாக வளர்ப்பதாக மாமியார் சொல்கிறார்.

பதில்: உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. உளவியலாளர் லாரா லெவின் 1983இல் இரண்டு வயதுப் பையன்களைப் பார்த்தபோது, 'நான்' என்ற தெளிவு கூடுதலாக இருந்தவர்கள்தான் பொம்மைக்கு அதிகம் உரிமை கொண்டாடினார்கள். 'நான் வேறு, நீ வேறு' என்று இப்போதுதான் பிடிபடுகிறது; அதை அவன் பொம்மையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறான். எதிரில் இருப்பவர் மனமும் இதே காலத்தில்தான் புரிய ஆரம்பிக்கிறது. ரெபக்கோலி, காப்னிக் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் செய்த சோதனையில், ஆய்வாளர் பிஸ்கட்டுக்கு முகம் சுளித்து, ப்ரோக்கோலியை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு கை நீட்டிக் கேட்டதும், 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே தந்தன. 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைத் தந்தன! அதனால் அதட்டிப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். விருந்தாளிகள் வருமுன் அவனுக்கு உயிரான ஒன்றிரண்டை எடுத்து வைத்துவிடுங்கள். 'ஆமா, உன்னோடதுதான். அவன் விளையாடிட்டுத் தருவான்' என்று சொல்லுங்கள். மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டலாம்.

கேள்வி: ஒளிந்து விளையாடும்போது மூன்று வயது மகள் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு 'நான் இல்ல' என்கிறாள்!

பதில்: கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் 'பார்த்தது' என்று இந்த வயதில் பல பிள்ளைகள் நம்புகிறார்கள். விளையாடவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 18 மாதமாகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை. ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள் என்கிறார்கள்.

பதில்: இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரு வயதையொட்டியே வந்துவிடும். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆட்டிசத்துக்கான முதல்கட்டப் பரிசோதனையும் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதி. இருந்தால், பயிற்சியை இப்போதே தொடங்கிவிடலாம்.